எட்டடிக்குப் பத்தடி வானம்: புறநகரில் வீடு வரைந்து தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டிலும் அதைவிடச் சின்ன மனைகளிலும் வீடு வரைந்து தரும் பொறியாளர்களுக்கும் கட்டடக்கலைஞர்களுக்கும் கான்டிராக்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவள் இல்லை. மடிப்பாக்கத்தில் முப்பதுக்கு நாற்பது மனையில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு குடியிருப்பவள். பழைய வீட்டை இடித்து, இருபத்திரண்டு மாதம் வாடகை வீட்டில் இருந்து, அதே மனையில் புதிதாகக் கட்டிக் குடிவந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் சித்தப்பா மகள் ஒரு படத்தோடு வீட்டுக்கு வந்தாள். கோவிலம்பாக்கத்தில் அவர்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனைக்கு ஓர் இன்ஜினியர் போட்டுக் கொடுத்த எலிவேஷன். வெள்ளைப் பெட்டி மாதிரி வீடு. கறுப்புச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி. முன்னால் புல்தரை, ஓரத்தில் இரண்டு அலங்கார மரம், பின்னால் மேகமே இல்லாத நீல வானம். "மினிமலிஸ்ட்டா வேணும்னு கேட்டோம்க்கா, நல்லா இருக்கில்ல?" என்றாள். படம் அழகாகத்தான் இருந்தது. "பக்கத்து வீடு எங்கேடி?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அந்த மனையை எனக்குத் தெரியும். தெற்கே மூன்று மாடி நிற்கிறது, வடக்கே இரண்டு மாடி, பின்னால் தண்ணீர் கேன் அடுக்கி வைக்கும் கிடங்கு. முன்னால் இருப்பது இருபதடித் தெரு, அதில் பாதியை நிறுத்தி வைத்த வண்டிகள் எடுத்துக்கொள்கின்றன. இதில் எதுவுமே படத்தில் இல்லை. நாலு பக்கமும் வெட்டவெளியில் நிற்கும் வீடு ஒன்றை அவளுக்கு வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அவள் குடியிருக்கப் போவது அதில் இல்லை.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம், அப்படி ஒரு வீட்டில் நாங்கள் இருந்திருக்கிறோம்.

என் மாமனார் 1994-ல் வாங்கிய மனை இது. அப்போது மடிப்பாக்கம் கிராமப் பஞ்சாயத்து. ஏரிக்கரையில் நின்றால் அடுத்த நகர் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும் என்று அத்தை சொல்வார்கள். 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு முறை தெருவுக்குத் தார் போட்டபோதும் தெரு உயர்ந்தது, வீடு இறங்கியது. 2015 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் நடுக்கூடத்தில் நின்றது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினார்கள். நாங்கள் இடித்துக் கட்டலாம் என்று முடிவு செய்து, வேலை முடியும் வரைக்கும் இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டுக்கு வாடகைக்குப் போனோம்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வாடகை வீடு பத்திரிகையில் வரும் வீடு மாதிரியே இருக்கும். வெள்ளைச் சுவர், சன்ஷேட் இல்லாத ஜன்னல், ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்த அமைப்பு. உள்ளே போனால் காலை பதினோரு மணிக்கு லைட் போட்டால்தான் அரிசியில் கல் பார்க்க முடியும். ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் இருந்தது. எல்லா ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தன. ஜன்னலைத் திறந்தால் அவர்கள் குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி நேர் எதிரே. அதனால் திறப்பதில்லை. திறக்காததால் காற்று இல்லை. காற்று இல்லாததால் ஏ.சி. அதன் வெளிப்பெட்டியை அந்த மூன்றடிச் சந்தில்தான் மாட்டியிருந்தார்கள், அது ஊதும் சூடு அடுத்த வீட்டுக்குள் போனது. அவர்களும் ஜன்னலை மூடினார்கள். இப்படித்தான் ஒரு தெரு முழுக்க ஜன்னல் வைத்துக் கட்டி, ஒரு தெரு முழுக்க ஜன்னலை மூடி வைத்து வாழ்கிறோம். திறந்த சமையலறை என்பதால் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடை வரைக்கும் வாசனை. மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிக்கு மே மாதத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டி வைத்தோம். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் ஜன்னல்களுக்குக் கீழே வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பாசி வழிந்திருந்தது.

அந்த வீட்டைக் கட்டியவர் கெட்ட எண்ணத்தோடு கட்டியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் ஒரு படத்தைப் பார்த்து வீடு கட்டியிருக்கிறார், அந்தத் தெருவைப் பார்க்கவில்லை.

எங்கள் மனைக்கு முதலில் வரைந்து கொடுத்தவரும் ஏறக்குறைய அதையே வரைந்தார். சுற்றிலும் விதிப்படி விட வேண்டியதை விட்டால் எங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 23-க்கு 31 அடி. அதாவது 713 சதுர அடி. அதில் ஓர் அங்குலம் மிச்சம் வைக்காமல் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று மூன்று பெட்ரூம், மூன்றுக்கும் அட்டாச்டு பாத்ரூம். பாத்ரூம்களுக்கு நடுவில் இரண்டுக்கு மூன்றடியில் ஓர் ஓ.டி.எஸ். (ஓபன் டு ஸ்கை). 'வானத்துக்குத் திறந்தது' என்று பெயர் வைத்துவிட்டு அதில் குழாய்களை இறக்குகிறோம். புறாவும் கரப்பானும் தவிர யாரும் அதிலிருந்து வானத்தைப் பார்த்ததில்லை.

அந்த வரைபடத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது, மாற்று தெரியவில்லை. மாற்றைக் காட்டியவர் ஓர் இளம் பெண் கட்டடக்கலைஞர். அவர் பெயரை எழுத அவர் சம்மதிக்கவில்லை. முதல் நாள் வந்தபோது எத்தனை பெட்ரூம் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. "அலமாரியை எல்லாம் திறந்து காட்டுறீங்களா?" என்றார். பரணில் ஏறிப் பார்த்தார். கொலு வைக்கிறீர்களா, எத்தனை படி, பொம்மைப் பெட்டி எத்தனை என்று எழுதிக்கொண்டார். சிலிண்டர் இரண்டா? அரிசி மூட்டையா, பத்து கிலோ பையா? பித்தளை அண்டா வருஷத்துக்கு எத்தனை தடவை இறங்குகிறது? பண்டிகைக்கு வந்தால் எத்தனை பேர் பாய் விரித்துப் படுப்பார்கள்? மழைநாளில் துணி எங்கே காய்கிறது? செருப்பு மொத்தம் எத்தனை ஜோடி? எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, நடுவில் எட்டுக்குப் பத்தில் ஒரு கட்டம் போட்டார். "இது யாருக்கும் கிடையாது. இதை வைத்துக்கொண்டுதான் மற்றதை எல்லாம் வரையப்போகிறேன்" என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் எல்லாருமே உங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மெட்ரோ வரும் என்று பேச்சு இருந்த பகுதியில், மனை விலை இருக்கும் விலையில், எண்பது சதுர அடியைச் சும்மா விடுவதா என்று கணவருக்கு ஆற்றாமை. அத்தை மன்னார்குடிப் பக்கம் தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர். முற்றம் என்றதும் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர்தான் அதிகமாக எதிர்த்தார். "முற்றம் முற்றம்னு இப்ப எல்லாரும் ஆசையாப் பேசுறீங்க. ஐப்பசி கார்த்திகையில விடியக்காலம் எழுந்து அந்தத் தண்ணிய தள்ளினது யாரு? சாரல் அடிச்சு தாழ்வாரம் பூரா வழுக்கும். எங்க பெரியம்மா விழுந்து இடுப்பு ஒடிஞ்சது அங்கதான்" என்றார்.

அந்தப் பெண் அத்தையை எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். இப்போது எங்கள் முற்றம் நன்றாக இருப்பதற்கு அத்தையின் எதிர்ப்புதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். முற்றத்துத் தரை வீட்டுத் தரையைவிட ஆறு அங்குலம் கீழே. சுற்றிலும் இரண்டடிக்கு மேல் நீட்டிய சன்ஷேட், அதன் அடிப்பக்கம் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி. மழைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டு உள்ளே ஓடி வராமல் அங்கேயே சொட்டிவிடும். வழுக்காத சொரசொரப்பான கல், ஒரு மூலைக்கு வாட்டம், அங்கிருந்து குழாய் வழியாக மழைநீர்க் கிணற்றுக்கு. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே இந்த மாநிலத்தில் கட்டாயமாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் அது ஒரு பிளாஸ்டிக் குழாயும் மூடிய குழியுமாக நிற்கிறது. எங்கள் வீட்டில் மழை எங்கே போகிறது என்று என் மகள் விரலால் காட்டுவாள். மேலே கம்பி வலை. ஹாலையும் அறையையும் பார்க்கும் திறப்புகளுக்குக் கொசு வலை போட்ட நகரும் கதவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கொசுவைப் பற்றிப் பேசாமல் முற்றத்தைப் பற்றிப் பேச முடியாது.

செலவைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களுக்குச் சதுர அடி 2000 ரூபாய்க்கு ஒப்பந்தம். இரண்டு தளத்திலும் சேர்த்து 160 சதுர அடி கட்டாததால் 3,20,000 ரூபாய் குறைந்தது. ஆனால் முற்றத்தைச் சுற்றி வந்த சுவர், நகரும் கதவுகள், மேல் கம்பி எல்லாமாகச் சேர்ந்து அதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டன. முற்றம் வைத்தால் மலிவு என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கூடுதலாகாது, அவ்வளவுதான்.

அந்த எண்பது சதுர அடி என்ன செய்கிறது? நீங்கள் படித்தவர்கள், எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களில் ஒருவர்தான். ஆனாலும் ஒரு தடவை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஜன்னல் எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் வானம் தெரிகிறதா என்பதுதான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. ஆறடி தூரத்தில் இருபதடிச் சுவர் நிற்கும்போது பக்கவாட்டு ஜன்னலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அது சுவரைத்தான் பார்க்கும். பக்கவாட்டில் நமக்கு வானம் இல்லை. மிச்சமிருப்பது தலைக்கு மேல் இருப்பது மட்டும்தான். நெருக்கமான தெருவில் அடுத்தவர் மறைக்க முடியாத ஒரே திசை அது.

சென்னை பதின்மூன்றாவது அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக முற்றத்துத் தரையில் விழுகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வெயில் வடக்குச் சுவரோடு நின்றுவிடுகிறது, தரைக்கு வருவதில்லை. அப்போது துளசித் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவோம், தை கடந்ததும் மறுபடி இறக்குவோம். கற்பூரவல்லிக்கு இந்தக் கவலை கிடையாது. வெயில் வராத நாளிலும் வெளிச்சம் வருகிறது. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறித்து எல்லா அறைக்கும் போகிறது. வெள்ளைச் சுவருக்கு இந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். வெளியே தெருவுக்குக் காட்டும் சுவரில் அது மூன்று மழைக்கு மேல் தாங்காது. உள்ளே முற்றத்துச் சுவரில் வருஷா வருஷம் நாமே ஒரு பூச்சு அடித்துக்கொள்ளலாம்.

காற்றுக்கும் இதே கணக்குதான். பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. தெருப்பக்க ஹாலில் ஒரு சுவரைச் செங்கல் ஜாலியாக, அதாவது செங்கல்லுக்கு நடுவில் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் தான் கட்டிய வீட்டுக்கு வீடு செய்து காட்டியது. தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது, காற்று நுழையும், முற்றத்தின் வழியாகவும் மாடிப்படி ஹெட்ரூமில் வைத்திருக்கும் திறப்பின் வழியாகவும் மேலே போகும். சூடான காற்று மேலேதான் போக ஆசைப்படுகிறது. நாம்தான் அதற்கு வழி விடாமல் தளத்தைப் போட்டு மூடிவிட்டு, பிறகு மின்கட்டணத்தோடு சண்டை போடுகிறோம். ஏ.சி. எங்கள் வீட்டிலும் இருக்கிறது, மறைக்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் ராத்திரி ஓடும். பகலில் கீழ்த்தளத்தில் தேவைப்பட்டதில்லை.

ஒரு விண்ணப்பம். முற்றம் வைத்துக் கொடுத்த பிறகு, வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடச் சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். மூடிய மறுநாளே அது அடுப்பாகிவிடும். மேலே போன சூடு ஷீட்டில் முட்டி உள்ளேயே நிற்கும். கட்டாயம் மூடத்தான் வேண்டும் என்றால் கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் திறந்து வைத்துப் போடுங்கள்.

இனி 'மினிமலிஸ்ட்' என்ற சொல். என்னைப் போன்றவர்கள் அந்தச் சொல்லோடு உங்களிடம் வரும்போது, எங்களுக்கு வேண்டியது என்ன என்று எங்களுக்கே சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. கைப்பேசியில் பார்த்த ஒரு படத்தைக் காட்டுகிறோம். அந்தப் படத்தில் ஒரு சோபா, ஒரு விளக்கு, ஒரு ஜாடி. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, இன்வெர்ட்டர் இல்லை, சாமி படம் இல்லை, பாட்டி இல்லை. நாங்கள் ஆசைப்படுவது பொருள் இல்லாத வாழ்க்கைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, நெரிசலில் வந்து, வீட்டுக்குள் கால் வைத்ததும் கண்ணுக்கு ஓர் ஓய்வு வேண்டும் என்பதற்கு ஆசைப்படுகிறோம். தெருவில் கண் போகும் இடமெல்லாம் கம்பி, பலகை, வண்டி, சுவர். வீட்டுக்குள்ளாவது கண் முட்டாமல் பத்தடி போக வேண்டும். அந்தப் பத்தடியை நீங்கள் கொடுத்தால், எங்கள் எவர்சில்வர் டப்பாக்களை நீங்கள் எங்கே ஒளித்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

எங்கள் வீட்டில் அவற்றை மேற்கே ஒளித்தார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்த யோசனை இதுதான். பின்பக்கச் சுவர் மேற்கு. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் வெயில் அதில்தான் காயும். அங்கே மாடிப்படி, குளியலறைகள், அவற்றுக்கு நடுவில் தரையிலிருந்து கூரை வரைக்கும் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி. பாய், தலையணை, கொலுப் பெட்டி, அண்டா, பழைய பாடப் புத்தகம், சூட்கேஸ், கம்பளி எல்லாமே அதற்குள். வெளியே ஒரே நிறத்தில் சாதாரணப் பிளைவுட் கதவு, கைப்பிடிகூட இல்லை. வெயில் சுவரில் ஏறினாலும் அலமாரியைத் தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை. அரிசியும் ஊறுகாயும் மட்டும் அங்கே வைப்பதில்லை, அவை கெட்டுப்போகும். ஆக, எங்கள் வீட்டுச் சாமான்கள்தான் எங்களுக்கு வெயிலைத் தடுக்கின்றன. சாமான்களைப் பார்த்து முகம் சுளிக்காத ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

இதே யோசனையை மற்ற இடங்களிலும் நீங்கள் பார்க்கலாம். சமையலறை முழுக்கத் திறந்ததும் இல்லை, முழுக்க மூடியதும் இல்லை. முற்றத்தைப் பார்த்து ஓர் அரைச்சுவர், அதனால் தாளிக்கும் புகை முற்றத்தின் வழியாக மேலே போகிறது, ஹாலுக்கு வருவதில்லை. காய் நறுக்கிக்கொண்டே எதிரே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். படுக்கையில் படுத்தபடியே அத்தை, மழை வருகிறதா என்று சொல்லிவிடுகிறார்கள். சாமி அலமாரிக்குத் தனி அறை இல்லை, கதவும் இல்லை. தேக்குச் சட்டம் ஒன்றுதான் இந்த வீட்டிலேயே விலை அதிகமான மரவேலை. வண்டி விஷயத்தில் மட்டும் இரண்டு டூவீலரோடு நின்றுகொண்டோம். கார் நிறுத்த இடம் விட்டிருந்தால் ஹால் போயிருக்கும். அது எங்கள் குடும்பத்தின் முடிவு, மற்றவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

இப்படிச் சின்ன மனையில் உள்பக்கம் பார்த்துக் கட்டுவது உலகத்தில் புதிய விஷயமும் இல்லை. ஒசாகாவின் சுமியோஷி பகுதியில், நெருக்கி அடித்த வரிசை வீடுகளுக்கு நடுவில், ஜப்பானியக் கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-ல் ஒரு வீடு கட்டினார். மனை அறுபது சதுர மீட்டர்கூட இல்லை, நம் கால் கிரவுண்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதில் மூன்றில் ஒரு பங்கை நடுவில் வானத்துக்கு விட்டுவிட்டார். தெருப்பக்கம் ஒரு வாசலைத் தவிர ஜன்னலே கிடையாது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அந்த வீட்டில் மழை பெய்தால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குடை பிடித்துத்தான் போக வேண்டும். எழுபத்தாறு வயது அத்தையை அப்படி நடக்க விட மாட்டேன். நம் பக்கத்து உதாரணம் கொழும்பில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிக் கொடுத்த வீடு. நகரத்து மனைக்குள், சுற்றுச் சுவருக்கு உட்பக்கம் முற்றத்தைப் பார்த்துத் தாழ்வாரங்கள், ஓட்டுக் கூரை, பழைய ஊர்வீட்டுப் பாணியும் புதிய காலத்து எளிமையும் ஒன்றாக. பிறகு அந்த மனை கைமாறியபோது வீட்டையே கல் கல்லாகப் பிரித்தெடுத்து, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி நிறுத்தினார்கள். ஒரு வீட்டை அப்படிச் சுமந்துபோய்க் காப்பாற்றும் அளவுக்கு அவர்கள் அதை மதித்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. நம் தொட்டிக்கட்டு வீடுகளை ஊரில் எப்படி விற்கிறோம், தூணுக்குத் தூண், கதவுக்குக் கதவு என்று பிரித்து. அது வேறு கதை.

வாஸ்து கேட்கும் வீட்டுக்காரர்களிடமும் இதைப் பேசலாம். ஈசானியத்தில் சம்ப், அக்னி மூலையில் அடுப்பு என்று பட்டியல் போடும் அதே வாஸ்துதான் வீட்டின் நடுவைப் பாரம் ஏற்றாமல் விடு என்றும் சொல்கிறது. பிரம்மஸ்தானம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் முற்றம் சரியாக நடுவில் இல்லை, கொஞ்சம் தெற்கே தள்ளியிருக்கிறது. அதற்கே என் கணவரின் பெரியப்பா ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் இப்போது, உங்களுக்கு, எழுதக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. நாங்கள் 2018-ல் அனுமதிக்கு அலைந்த அலைச்சல் இனி யாருக்கும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு பொறுப்பு இடம் மாறியிருக்கிறது. சின்ன வீட்டு வரைபடத்தை முன்பாவது ஓர் அலுவலகத்தில் இன்னொரு கண் பார்த்தது. அது வெளிச்சத்தையும் காற்றையும் பார்த்ததா என்பது வேறு விஷயம். இப்போது அந்த இன்னொரு கண்ணும் நீங்கள்தான். விதி எங்களுக்கு மனையைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்ட இடம் தருகிறது. 1200 சதுர அடியில் 2400 வரை போகலாம். போகலாம் என்பதற்காகப் போக வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நாங்கள் பேராசையில் கேட்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கட்டப்போகும் வீடு, விட்ட இடத்தைப் பிறகு பிடிக்க முடியாது என்ற பயத்தில் கேட்கிறோம். அந்தப் பயத்தோடு வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேச இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை 3டி படம் போடும்போது பக்கத்து வீடுகளையும் அதே உயரத்தில் போடுங்கள். புல்தரையை எடுத்துவிட்டு எங்கள் தெருவைப் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரோடு. அதற்குப் பிறகும் படம் அழகாக இருந்தால் அந்த வீடு நன்றாக இருக்கும். எலிவேஷனோடு சேர்த்து, வீட்டைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டிக் காட்டும் படம் ஒன்றும் கொடுங்கள். எங்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். வெயில் எங்கிருந்து வந்து எங்கே விழும் என்று அந்தப் படத்தில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டியபோது, எண்பது சதுர அடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த என் கணவர் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தெரு மட்டத்தையும் அதில் காட்டுங்கள். எங்களுக்குப் பேஸ்மட்டம் மூன்றரை அடி வைக்கச் சொன்னது அந்தப் படம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் கேட்டைத் தாண்டி வந்து மூன்றாவது படியில் நின்றது, மேலே ஏறவில்லை.

வீட்டுக்குக் குடிவந்தது 2020 தை மாதம். மார்ச்சில் ஊரடங்கு. பள்ளி, அலுவலகம், ஆஸ்பத்திரிப் பயம் எல்லாம் சேர்ந்து ஐந்து பேரை 23-க்கு 31 அடிக்குள் பூட்டியது. அந்த மாதங்களில் காலையில் பாட்டியும் பேத்தியும் முற்றத்து விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மேலே சதுரத்தில் எத்தனை காக்கா கடக்கிறது என்று எண்ணுவார்கள். வாடகை வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த நாட்களை எப்படிக் கடந்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. முற்றம் வேண்டாம் என்ற அத்தை இப்போது விடியக்காலம் எழுந்ததும் முதலில் போய் நிற்பது அங்கேதான். தண்ணீர் தள்ளும் துடைப்பத்தை மட்டும் இன்னும் யாரிடமும் கொடுப்பதில்லை.

உங்களில் யாராவது இதை நேரில் பார்க்க விரும்பினால், என் சித்தப்பா மகளுக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் உட்பட, வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, எல்லாரும் இருப்போம். பகல் பன்னிரண்டே காலுக்கு வாருங்கள். டேப்பும் கொண்டுவாருங்கள், அளந்து பார்க்கலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வீட்டுக்காரி